மெரினாவின் அமைதி வாரம்

ஹட்டனில், ரயில் நிலையத்துக்குப் போகும் சரிவில், மூக்கனின் தேநீர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்தது மெரினாவின் தையல் நிலையம். தேடி வருகிறவர்களுக்கு வழி சொல்ல மூக்கன் சிரமப்பட்டதே இல்லை. "சத்தம் வர்ற பக்கமா ஏறிப் போங்க" என்பார். டயகம தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, எதிர்மலையில் நிற்கிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய மெரினாவின் குரல் அது. அதே குரலில்தான் மெரினா திட்டுவாள், பாடுவாள், தையல் பெண்களின் வீட்டுக் கதையை விசாரிப்பாள். ஊசி உடைந்தாலும் சரி, பிள்ளை பிறந்தாலும் சரி, ஒரே சுருதி.

2002 கடைசியில், சிறு தொழில் நடத்தும் பெண்களுக்கு நுவரெலியாவில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். நடத்தியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஊர்மிளா என்ற அதிகாரி.

"கோபம் வந்தா உடன கத்தாதேங்கோ. ஒருக்கா மூச்சை இழுத்து விட்டுட்டு, முகத்தை அமைதியா வச்சுக்கொண்டு கதையுங்கோ. உங்கட முகத்தைப் பாத்துத்தான் உங்கட ஆக்கள் வேலை செய்வினம்" என்றார் அவர்.

மெரினாவுக்கு அது நெஞ்சில் தைத்தது. இத்தனை நாள் காட்டுக்கத்தல் கத்தியல்லவா கடை நடத்தியிருக்கிறோம்? திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து அமைதி முகம் பழகினாள். லிந்துலை தாண்டியதும் பக்கத்து இருக்கை அம்மா ஒரு தேசிக்காயை நீட்டி, "மோந்து பாருங்க, வாந்தி நின்னுரும்" என்றார்.

திங்கட்கிழமை காலையிலேயே சோதனை வந்தது. கடையின் மூத்த தையல்காரி வீரம்மா, ஒரு சட்டைக்கு இரண்டு கைகளையும் மாற்றித் தைத்து வைத்திருந்தாள். மெரினாவுக்குத் திட்டு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூச்சை இழுத்தாள், விட்டாள்.

"பரவாயில்லங்க வீரம்மா. பிரிச்சுத் தைங்க."

மெசின்கள் ஒவ்வொன்றாக நின்றன. 'அடியே' என்றே கேட்டுப் பழகிய வீரம்மா, அந்த 'ங்க'வைக் கேட்டதும் சட்டையை அள்ளிக்கொண்டு தன் மெசினுக்கு ஓடினாள்.

அந்த வாரம் முழுவதும் மெரினா பாடவில்லை, திட்டவில்லை, சிரிக்கும்போதுகூட அளவாகச் சிரித்தாள். கடை ஒழுங்காக நடக்கிறது என்று உள்ளூரப் பெருமை வேறு. கீழே தேநீர்க் கடையில் வேறு கதை ஓடியது. அக்காவுக்கு ஏதோ பெரிய வருத்தமாம், மருந்து எடுக்கிறாளாம் என்றது ஒரு கட்சி. கடையை விற்றுவிட்டு வெளிநாடு போகிறாளாம் என்றது மறு கட்சி. மூக்கன் இரண்டையும் நம்பி, கேட்காமலே தினமும் கொத்தமல்லித் தண்ணீர் போட்டு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை வீரம்மா எதிரே வந்து நின்றாள்.

"அக்கா, டவுன்ல இன்னொரு தையல் கடையில கூப்புடுறாங்க. நீங்க கடைய குடுத்துட்டுப் போறதுக்கு முந்தி நானும் ஒரு எடம் பாத்துக்கணும்ல. புள்ளைங்க இருக்கு."

மெரினா மூச்சை இழுத்தாள். இந்தத் தடவை அது அமைதியாக வெளியே வரவில்லை.

"எவடி சொன்னது கடைய குடுக்குறேன்னு? தை மாசம் பள்ளிக்கூடம் தொறக்குது, யூனிபோம் தைக்க வெள்ளைத் துணி மலையா குமிஞ்சு கெடக்கு, இவ வேற எடம் பாக்குறாளாம்ல!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே மூக்கன், "அக்காவுக்குச் சொகமாயிருச்சு" என்று யாரிடமோ சொன்னது மாடிவரை கேட்டது. வீரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு மெசினுக்கு மெசின் தாவியது.

ஒரு மெசினில் மட்டும் சிரிப்பில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த அம்மாக்கண்ணு, தையலைப் பாதியில் விட்டுவிட்டுக் கைகளை மடிக்குள் ஒளித்துக்கொண்டிருந்தாள். சேர்ந்த நாளிலிருந்தே அவள் தைக்கும் சட்டைக் கழுத்துக் கொலர் கோணல்தான். கைராசி இல்லாதவள் என்று மெரினா முடிவு கட்டியிருந்தாள். ஆனால் இந்த வாரம் அவள் தைத்தவை எல்லாம் நேராக இருந்தன. வேலை செய்தபடி அவள் மெல்ல முணுமுணுத்துப் பாடியதும் மெரினாவின் காதில் விழுந்திருந்தது. தன் சத்தம் ஓய்ந்ததால் கேட்ட பாட்டு அது என்று இப்போதுதான் உறைத்தது.

முக்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னாச்சு புள்ள?"

"சத்தம் கேட்டா கை தன்னால நின்னுருதுக்கா." அம்மாக்கண்ணு தலை நிமிரவில்லை. "எங்க வீட்டுல சத்தம் வந்தா அடுத்தது அடிதான்."

மெரினா அந்தச் சட்டையை எடுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, மறுபடி அவள் முன் வைத்தாள்.

"ஒங்கிட்ட சொல்ல வேண்டியத இப்புடிப் பக்கத்துல வந்து சொல்றேன். அவளுகளப் பாத்து நான் கத்துறது ஒனக்கில்ல. அடிக்கிறதுக்கும் இல்ல. சரியா?"

"பாக்குறேன்க்கா."

அதன்பின் வீரம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் பழைய வசவும் பாட்டும் தாராளமாகக் கிடைத்தன. அம்மாக்கண்ணுவிடம் போகும்போது மட்டும் முக்காலியும் கூடப் போனது. மெரினாவுக்கு அது லேசாக வரவில்லை. பாதி வழியில் குரல் எகிறிவிடும், நாக்கைக் கடித்துக்கொள்வாள். டிசம்பர் நடுவில் கொலர் வேலை முழுவதையும் அம்மாக்கண்ணுவிடமே கொடுத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம், மாதா பாட்டொன்றை மெரினா உச்சத்தில் எடுத்தாள். மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, கொஞ்சம் மெதுவா. கொலர் கோணுது."

மெசின்கள் நின்றன. அம்மாக்கண்ணுவே தன் துணிச்சலில் மிரண்டு போயிருந்தாள். மெரினா இடுப்பில் கைவைத்து அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்ப நீயே பாடு, கேப்போம்" என்றாள்.