கரீம் பாயின் வேர்

கரீம் பாய்க்கு அன்று காலையிலிருந்தே தலைகால் புரியவில்லை. பெரிய மார்க்கெட்டில் இத்தனை வருஷமாக நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார்; பிரெஞ்சுக்காரர்களின் கொடி இறங்கி மூன்று வருஷமாகியும் பழைய ஆட்கள் லபொரத்துவார் என்றே சொல்லும் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு டாக்டர் அவரைக் கூப்பிட்டனுப்புவது இதுதான் முதல் தடவை. செஞ்சி மலையிலிருந்து அவர் வரவழைக்கும் நரம்பு வேரை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்களாம். மறுநாள் மகள் ஷாஜாதிக்கு நிக்காஹ்; தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. மனுஷன் கேட்டால்தானே? இருப்பதிலேயே நல்ல தொப்பியாகப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த வேரின் அருமையை அவரைவிட யார் அறிவார்? உப்பளத்து அன்வருதீன் தன் மகனுக்குச் சம்பந்தம் பேச வந்த அன்று, "அந்த ஆள நான் கட்டிக்க மாட்டேன்" என்று வெற்றிலைத் தட்டைத் தூக்கி வாசலில் எறிந்தவள் ஷாஜாதி. நரம்புக் கோளாறு என்று அவரே முடிவுகட்டி, தினமும் சாயங்காலம் வேர்க் கஷாயம் கொடுத்தார். கொஞ்ச நாளில் பெண் பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டாள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் ஜானகிராமன் இரண்டு கூண்டுகளைத் திறந்துவிட்டார். வெறும் தண்ணீர் குடித்த எலி பாய்ந்து வெளியே ஓடியது. கஷாயம் குடித்த எலி திறந்த வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. டாக்டர் அதன் முன்னங்கால்களைத் தூக்கி ஒரு மரக்கட்டையின் மேல் வைத்தார். காலை இறக்காமல் அப்படியே நின்றது.

"எப்படி வச்சமோ அப்படியே இருக்கும் பாய். வேர் பிரமாதமா வேலை செய்யுது."

"தூங்குதுங்களா?"

"எங்க தூங்குது? முழிச்சிக்கிட்டுதான் இருக்கு. ஓடணும்னு தோணல, அவ்ளோதான்."

"மருந்த நிறுத்திட்டா தெளிஞ்சிருமா?"

"உடனே தெளியாது. எறங்க நாளாகும்."

கரீம் பாய் அந்த எலியின் காலையே பார்த்தார். போன வாரம் வளையல்காரர் அளவு பார்க்க ஷாஜாதியின் கையைத் தூக்கிப் பிடித்தார். வேறு வளையல் எடுக்கத் திரும்பியவர் பேச்சு சுவாரஸ்யத்தில் அவளை மறந்துபோனார். கை அந்தரத்திலேயே நின்றது. என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று பெண்கள் மெச்சினார்கள். இவரும்தான் பூரித்துப்போனார், பாவி மனுஷன்.

நாளைக்குப் பெண் சார்பில் வக்கீலாக நிற்கும் பெரியவரும் இரண்டு சாட்சிகளும் உள்ளே வந்து, "சம்மதமா?" என்று அவளைக் கேட்பார்கள். பெண் தன் மனசாரச் சம்மதித்தால்தான் நிக்காஹ். இவள் சரியென்று சொல்லிவிடுவாள். சொல்வது அவளா, வேரா? கல்யாணத்தை நிறுத்தலாம்தான். அப்படியானால், பெற்ற பெண்ணுக்கு மருந்து கொடுத்துத் தலையாட்ட வைத்தேன் என்று அன்வருதீனிடம் சொல்ல வேண்டும், ஜமாத்தில் சொல்ல வேண்டும். அப்புறம் எந்த முகத்தோடு கடை திறப்பது? வழியெல்லாம் இதே யோசனையாக நடந்தார்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டு முடித்திருந்தார்கள். மனைவி கனீஸ் பாத்திமா, "நேரமாவுதுங்க, கையோட குடுத்துடுங்க" என்று கஷாய டம்ளரை அவர் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். ஷாஜாதி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணு, இந்தக் கல்யாணத்துல உனக்குச் சம்மதமா? வேணாம்னா வேணாம்னு சொல்லும்மா. அத்தா கோவிச்சுக்க மாட்டேன்."

அவள் நிதானமாக அவரைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னா சரிங்கத்தா."

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் அந்த வேரை இடித்துக் காய்ச்சினார். இப்போது கேட்கச் சகிக்கவில்லை. ஷாஜாதி வழக்கம்போல டம்ளருக்குக் கையை நீட்டினாள். அவர் கஷாயத்தை ஜன்னல் வழியாகக் கொட்டினார்.

"குடிச்சிட்டாளா?" அடுப்படியிலிருந்து கனீஸின் குரல் வந்தது.

கரீம் பாய் வாயைத் திறந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் நினைத்தார்.

"குடிச்சிட்டா," என்றார்.

ஷாஜாதியின் கை இன்னும் நீண்டே இருந்தது. அதைப் பிடித்து அவள் மடியில் வைத்தார். வைத்த இடத்தில் இருந்தது.