தானாக எழுந்த கை

இவருடைய வலது கை முதல்முறை எழுந்தபோது நான் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தேன். காலை நேரம். இவர் வழக்கம்போல ஜன்னலோர நாற்காலியில், இடது கையால் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த வலது கை முழங்கையில் மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு, உடம்போடு ஒட்டியே கிடந்தது. அது மெதுவாகக் கிளம்பித் தோள் உயரத்துக்கு வந்தது. கொஞ்சம் நின்றது. பிறகு இறங்கிவிட்டது.

"என்னங்க! கையைத் தூக்கிட்டீங்க!"

துடைப்பத்தை எங்கே போட்டேனோ, தெரியாது. ஓடிப்போய் முன்னால் நின்றேன். செய்தித்தாள் இறங்கியது. இவர் கண்ணில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

"நீங்களாத்தானே தூக்கினீங்க?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் "ஆமா" என்றார்.

இவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். கால் வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று எந்தப் பிள்ளை சொன்னாலும் "நடிக்காதே, ஓடு" என்பார். வீட்டுக்கு வந்தும் அதையே பெருமையாகச் சொல்வார். "பாவம், நிஜமாவே வலிச்சிருந்தா?" என்று நான் சண்டைக்குப் போவேன். அப்படிப்பட்டவர் ஒருநாள் மைதானத்திலேயே சுருண்டு விழுந்தார். கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. கோலை ஊன்றி நடக்கிறார். பேச்சு கொஞ்சம் குழறும், அவ்வளவுதான். கை மட்டும் பிடிவாதமாக இறுகிக்கொண்டே போனது.

அந்தக் கைக்குத்தான் ஊசி போட நாள் குறித்திருந்தார்கள். இறுகிய தசைக்குள்ளேயே போடுகிற ஊசி. போட்டால் தசை தளரும், ஆனால் மூன்று மாதம் போலத்தான் அது தாங்கும். அதற்குள் தினமும் நீட்டி, பிடித்து, பழக்கி, கையை ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால் மணிக்கட்டும் விரல்களும் மடங்கின நிலையிலேயே கெட்டிப்பட்டுவிடும், பிறகு எந்த ஊசிக்கும் மசியாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். நான் வேலை பார்ப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் லீவுக்குத் தலையாட்டினார்.

பிசியோதெரபி பார்க்கிற பெண்ணுக்கும் எனக்கும் ஏற்கெனவே ஒரு உரசல். என் தம்பி ஒரு மஞ்சள் பந்து வாங்கிக் கொடுத்திருந்தான், சிரிக்கிற மூஞ்சி போட்டது. மாமா அமுக்கி அமுக்கிப் பழகட்டும் என்று. நானும் இவரைப் பிடித்து வைத்து "அமுக்குங்க, இன்னும் அமுக்குங்க" என்று உயிரை எடுத்தேன். விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண் பந்தை வாங்கித் தன் மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"அம்மா, கையை மூடுற சதை ஏற்கெனவே ஓவரா வேலை செய்யுது. நீங்க அதுக்கே இன்னும் வேலை குடுக்கறீங்க. நமக்கு வேண்டியது திறக்கறது."

நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் நாலு பேர் முன்னால் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அதனால்தான், கை எழுந்த அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் பாதி, இப்போது அவளுக்குச் சொல்ல நம்மிடம் ஒன்று இருக்கிறது என்கிற சந்தோஷம்.

முதலில் தம்பிக்கு போன் போட்டேன். பிறகு மாமியார் வீட்டுக்கு. பக்கத்து வீடு, கடை, ஒன்று விடாமல் தண்டோரா போட்டேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்கும் கூப்பிட்டு, "கை தானாவே வந்துட்டிருக்கு, ஊசி வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். ஒருமுறை வந்து காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார்கள். காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். நான் பேசியது அத்தனையும் கேட்டிருக்கும். எழுந்து வரவில்லை.

தம்பி குடும்பத்தோடு பார்க்க வந்தான்.

"மாமா, ஒரே ஒரு தடவை. எங்க, தூக்குங்க பார்ப்போம்!"

இவர் முயற்சி செய்தார். தோள் காதுவரை ஏறியது, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, விரல்கள் முன்னைவிட இறுக மூடிக்கொண்டன. கை மடியை விட்டு எழவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை.

"இன்னிக்கு என்னவோ முடியல, மாப்ளே."

"மாமா டிக்கெட் போட்டாத்தான் காட்டுவாரு போல" என்று தம்பி சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் எரிச்சல். ஊரைக் கூட்டிச் சொன்னவள் நான், மானம் போனது எனக்கு.

ஆனால் காலையில் கை எழத்தான் செய்தது. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, சில நாள் ஒருமுறை, சில நாள் இரண்டுமுறை. என் கண்ணால் பார்த்தேன். கேட்டால் எழாது, கேட்காவிட்டால் எழும். இதற்கு என்ன அர்த்தம்? மனுஷனுக்கு உட்கார்ந்த இடத்தில் எல்லாம் நடந்து பழகிவிட்டது, சொகுசு கண்டுவிட்டார். அப்படித்தான் நான் முடிவு கட்டினேன்.

தூக்கத் தெரிந்த கைக்கு நான் ஏன் சட்டை மாட்டிவிட வேண்டும்? சட்டையைக் கட்டில்மேல் போட்டுவிட்டுக் கடைக்குப் போக ஆரம்பித்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் இடது கை மட்டும் சட்டைக்குள் இருக்கும், வலது பக்கம் முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். அப்படியே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி போய் அடுப்பைப் பற்றவைப்பேன். ராத்திரி விரல்களை நீட்டி வைத்துக் கட்டுகிற பட்டையையும் "நீங்களே கட்டிக்கங்க" என்று விட்டுவிட்டேன். ஒரு கையால் அதைக் கட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

இவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. முன்பெல்லாம் காபியில் சர்க்கரை குறைந்தாலே வீடு ரெண்டாகும். இந்தப் பணிவு எனக்குச் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. தப்பு இருப்பதால்தானே அடங்கிப் போகிறார் என்று நினைத்தேன். தப்பு இருந்தது உண்மைதான். அது என்ன தப்பு என்பதில்தான் நான் கோட்டைவிட்டேன்.

ஒருநாள் இவர் பக்கத்தில் போனபோது ஒரு வாடை அடித்தது. கையைப் பிரித்துப் பார்க்க முயன்றேன், பிரியவில்லை. "விடு, வலிக்குது" என்றார். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன்.

பயிற்சி அறையில் கூட்டம். ஒரு பெரியவர் இரண்டு கம்பிகளுக்கு நடுவே கண்ணாடியைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். ஒரு அம்மாள் பலகையில் குச்சிகளை எடுத்து எடுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். பிசியோ பெண் இவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டை முதலில் உள்பக்கமாக மடக்கி, அவசரப்படாமல் ஒவ்வொரு விரலாகத் திறந்தாள். நகம் உள்ளங்கையில் பதிந்து புண்ணாகியிருந்தது.

"ஊசியை ஏம்மா வேண்டாம்னு சொன்னீங்க?"

"கையைத் தூக்கறாரே! தினம் காலைல தோள் வரைக்கும் தூக்கறார். நான் பார்க்கறேனே."

"சார், கொஞ்சம் தூக்குங்க."

அதே தோள், அதே சாய்வு, அதே வியர்வை. அவள் இன்னொருமுறை செய்யச் சொன்னாள். கை அசையவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பந்தை வாங்கி மேஜைமேல் வைத்த நாளில் பார்த்த அதே பார்வை என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நடிக்காதீங்க! வீட்டுல தூக்கறீங்க, இங்க வந்து என் மூஞ்சில கரி பூசறீங்களா? யாரை ஏமாத்தறீங்க?"

கம்பிக்கு நடுவே நடந்தவர் நின்றுவிட்டார். குச்சி செருகிய அம்மாளின் கை பாதியில் நின்றது. இவர் குனிந்த தலை நிமிரவில்லை. இத்தனை வருஷமாக எந்த வார்த்தைக்காக இவரோடு சண்டை போட்டேனோ, அதே வார்த்தை என் வாயிலிருந்து வந்து அந்த அறை முழுக்க நின்றது.

பிசியோ பெண் குரலை உயர்த்தவில்லை. "வீட்டுல கை எழும்போது சார் என்ன செஞ்சிட்டிருந்தார்?"

"பேப்பர் படிச்சிட்டிருந்தார்."

"முகத்தைப் பார்த்தீங்களா?"

"பேப்பர் மறைச்சிருக்கும்."

அவள் இவர் பக்கம் திரும்பினாள். "சார், அப்ப கொட்டாவி விட்டீங்களா?"

இவர் தரையைப் பார்த்தார். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"சில பேருக்கு இப்படி நடக்கும்மா" என்றாள். "கொட்டாவி வரும்போது செயலிழந்த கை தானா மேல எழும். அவங்களா தூக்கவும் முடியாது, எழுந்தா நிறுத்தவும் முடியாது. இதுல நடிப்பு ஒண்ணும் இல்ல."

கொட்டாவி விட்டால் யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். அன்றைக்குத் தளும்பியது அந்தத் தண்ணீர்தான். அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன். கடையில் நாள் முழுக்கப் பார்வை சரியில்லாதவர்களுக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிறவள் நான். எனக்கு ஒரு கொட்டாவி தெரியவில்லை.

"பின்ன ஏங்க ஆமான்னு சொன்னீங்க?" என்றேன்.

"நீ சிரிச்சே" என்றார், தரையைப் பார்த்தபடியே. "நான் விழுந்ததுக்கப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சே. அன்னிக்கு ஒரு நாளைக்கு இருக்கட்டும்னு நினைச்சேன். அதுக்குள்ள எல்லாருக்கும் சொல்லிட்டே. ஊசியையும் வேண்டாம்னுட்டே. அப்புறம் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு இல்லன்னு சொல்றது?"

"புண்ணு? புண்ணையாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கையைப் பார்ப்பே. பார்த்தா எல்லாம் தெரிஞ்சிடும்."

தொங்கிய சட்டைதான் என் கண்முன் வந்தது. எத்தனை சாயங்காலம் அதைப் பார்த்துக்கொண்டே அடுப்படிக்குப் போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. யார் முன்னால் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண், கம்பி பிடித்து நின்ற பெரியவர், இவர், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு எங்காவது போய்விடலாம் போல இருந்தது.

அவள் புண்ணைத் துடைத்து மருந்து போட்டாள். "இறுக்கம் கூடியிருக்கு. ஆனா இன்னும் திறக்குது. டாக்டர்கிட்ட பேசி ஊசிக்குத் திரும்ப நாள் வாங்கிடலாம். அதுவரைக்கும் பட்டையை ஒருநாளும் விடாதீங்க" என்றாள். பட்டையை விட்டது யார் என்று அவள் கேட்கவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தம்பி போன் செய்தான்.

"அக்கா, டாக்டர் முன்னாடி மாமா தூக்கிக் காட்டிட்டாரா?"

"இல்லடா" என்றேன். "அது… நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்."

இவர் இடது கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டார்.

"மாப்ளே, அக்கா சரியாத்தான் பார்த்தா. கை எழுந்தது. ஆனா நான் தூக்கல. தூக்கினேன்னு நான்தான் பொய் சொன்னேன்."

அந்தப் பக்கம் தம்பி என்ன சொன்னானோ, "சரி, சரி" என்று கேட்டுவிட்டு போனை என் மடியில் வைத்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறைத்துக்கொள்ள இங்கே செய்தித்தாள் இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்குவது எனக்குத் தெரிந்தது.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். எழவில்லை. மருந்துத் துணியோடு அது மடியிலேயே கிடந்தது.