ராயம்மாள் நிமிர்த்திய கடல்

1

இந்தக் கதை ஒரு சாய்ந்த கடலைப் பார்த்ததால் வந்தது. முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ‘1941-இல் தருமபுரிக் கடைவீதியில் அருள்சாமி என்ற புகைப்படக்காரர்…’ என்று தொடங்கி, அடித்துவிட்டேன். கதை அவர் மனைவி ராயம்மாளுடையது.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போய்வந்த அருள்சாமி, அங்கே எடுத்த கடல் படத்தைக் கடைச் சுவரில் மாட்டினார். பாப்பாரப்பட்டியில் கேழ்வரகுக்குத் தண்ணீர் பாய்ச்சி வளர்ந்த ராயம்மாள் கடலைக் கண்டதில்லை. ஆனால் மட்டம் தெரியும்.

“ஏனுங்க, தண்ணி இப்பிடிச் சாஞ்சு நிக்குமுங்களா?”

இரண்டு நாள் அவர் முகம்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் படத்தைக் கழற்றினார். (முதலில் ஒரே நாள் என்றுதான் எழுதினேன். அவ்வளவு நல்லவர் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.)

2

மறுவருடம் அவளையும் கூட்டிப்போனார். கடலைப் பார்த்ததும் ராயம்மாள்… (இங்கே ஓர் உவமை இருந்தது, எடுத்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டாள், அவ்வளவுதான்.)

போர்க்காலம், பிலிம் கிடைப்பதில்லை. யாத்திரை வந்தவர்களை எடுத்தது போக ஒரே ஒரு படத்துக்குத்தான் மிச்சம். உச்சிவெயிலில் அவர் காமிராவைத் திறந்தபோது ராயம்மாள் தடுத்தாள். காலைச் சாய்வெயிலில்தான் உழுத காட்டில் ஒவ்வொரு மண்கட்டியும் தெரியும், உச்சியில் எல்லாம் ஒரே வெளுப்பு என்றாள். மாலை ரயிலை விட்டுவிட்டுத் தங்கினார்கள்.

விடிந்ததும், கரையோரம் நின்ற தோணி படத்தின் நடுவில் விழாமல் ஓரமாக வரும்படி அவரை நாலடி நகர்த்தினாள். வானத்தைக் குறைத்து ஈரமணலைச் சேர்க்கச் சொன்னாள். எதிரே கண்கூசிய சூரியன் மெல்லிய மேகத்துக்குப் பின்னால் போகட்டும் என்று காக்கவைத்தாள். அதற்குள் பெரிய அலை வந்தது. காமிரா நின்ற முக்காலியைக் கட்டிப்பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

“இப்பப் புடிங்க.”

3

கழுவி எடுத்த படத்தில் கடல் நேராக நின்றது. தோணி விளிம்பில் வெளிச்சக் கோடு. அலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஆனால் கீழ்மூலையில், காற்றில் பறந்த அவள் முந்தானை மங்கலாக விழுந்திருந்தது. கண் அங்கேயே போகிறது, வெட்டிவிடுங்கள் என்றாள். அருள்சாமி கத்தரியை எடுத்தார், வைத்தார்.

“இருக்கட்டும், ராயி.”

“படம் கெடுதுங்க.”

“கெடட்டும்.”

வெட்டியதாக ஒரு முடிவு எழுதிப்பார்த்தேன். படம் அழகாயிற்று, அருள்சாமிதான் கடையில் வாடிப்போனார். வெட்டாத முடிவில், ராயம்மாள் கடைக்குள் வரும்போதெல்லாம் கோபமாக இருப்பதற்குப் படாதபாடு பட்டாள்.

இரண்டையும் கிழித்துவிட்டேன். படம் மேசையில் கிடக்கிறது. இருவரும் தோள் உரசக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கத்தரி உங்கள் பக்கமாகத்தான் இருக்கிறது.