பத்து சென்டிமீட்டர்

இருபத்திரண்டு வருடமாக நான் அளந்த கண்ணாடி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை நானேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவேன். கேட்டவர்களுக்குக் காது புளித்திருக்கும்.

அன்று ஒரு வீட்டுக் குளியலறையில் என் மனைவியின் அண்ணனும் நானும் கண்ணாடிக் கதவைத் தூக்கி நிறுத்தினோம். நுழையவில்லை. இடைவெளி தொண்ணூறு சென்டிமீட்டர், கண்ணாடி நூறு. சரியாகப் பத்து அதிகம். சூடேற்றிப் பதப்படுத்திய கண்ணாடியை அதற்குப் பிறகு வெட்ட முடியாது. வெட்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. என் டேப்பின் முனைக் கொக்கி ஆடும். அதனால் பத்தாவது சென்டிமீட்டரை ஓரத்தில் வைத்து அளந்து, வந்த எண்ணில் பத்தைக் கழித்துச் சொல்வேன். அளக்க வந்த அன்று கழிக்க மறந்திருக்கிறேன்.

வீட்டம்மா வாசலில் வந்து நின்று, "என்னாச்சு?" என்றார்.

"மச்சான் எழுதினதுல தப்பு நடந்திருக்கும்மா" என்றேன். வாய் தானாகச் சொன்னது. யோசித்துச் சொன்னேன் என்றால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

மச்சான் நோட்டை எடுத்துப் பார்த்தார். நூறு என்று அவர் கையெழுத்தில்தான் இருந்தது. நான் அளந்து சொல்வேன், அவர் எழுதுவார், அதுதான் ஏற்பாடு. பத்தைக் கழிக்கும் விஷயத்தை அவரிடம் நான் சொன்னதே இல்லை. பெரிய தொழில் ரகசியம் என்று எனக்கு நினைப்பு.

"கவனமில்லாம எழுதிட்டேன் போல மாப்ள. மன்னிச்சிடுங்க" என்றார்.

ஐம்பது வயதில், சொந்தக் கடையை மூடிவிட்டு என்னோடு வேலைக்கு வந்த மனிதர். கடை போனதிலிருந்து எதற்கெடுத்தாலும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வார். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

அடுத்த மூன்று நாளும் ஒவ்வோர் அளவையும் இரண்டு முறை கேட்டு எழுதி, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டினார். நாலாம் நாள் மதியம் சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: "அண்ணன் இனிமே வரலையாம். உங்க பேரைக் கெடுக்க வேண்டாம்னு சொல்றாரு. தனக்கு எந்த வேலையும் சரிப்பட்டு வராதாம்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். கூனிக் குறுகிப் போனேன். கையைக் கழுவிவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தேன். தெருமுனைவரை போய் இரண்டு முறை திரும்பி வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மச்சான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"தப்பு என்னோடது மச்சான். பத்தைக் கழிக்க மறந்துட்டேன். அங்கயே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உங்கமேல போட்டேன்."

கையிலிருந்த ஈரச் சட்டையை உதறினார். ரொம்ப நேரம் உதறினார்.

"நாலு நாளா அந்த நோட்டையேதான் பார்த்துட்டிருக்கேன்" என்றார். "என்கிட்ட சொன்னீங்க, சரி. அந்தம்மாகிட்ட யார் சொல்றது?"

அங்கேயே நின்று போன் செய்தேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னார், போட்டேன். இருபத்திரண்டு வருட மானமும் இன்றோடு கப்பலேறியது என்று நினைத்துக்கொண்டே முழுவதையும் சொன்னேன்.

"அப்படியா" என்றார் வீட்டம்மா. "சரி, புதுக் கண்ணாடி என்னிக்கு வரும்?"

"வியாழக்கிழமை."

"காலையிலயே வந்துடுங்க. சாயங்காலம் நான் இருக்க மாட்டேன்." வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். நான் இத்தனை வருடம் கட்டிக் காத்த பெருமையை என்னைத் தவிர ஒருவரும் கவனித்திருக்கவில்லை. இதற்காகவா ஒரு மனுஷனை நாலு நாள் தூங்கவிடாமல் செய்தேன்? கண்ணாடி வீணானதால் வந்த வெட்கம் அந்த நிமிடமே விட்டுப்போனது. மறந்தேன், அவ்வளவுதான், யாரும் மறப்பார்கள். மச்சான் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. அந்த வெட்கம் எனக்கு வரவேண்டியதுதான்.

"வியாழக்கிழமை வருவீங்களா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டேன்.

கடைசித் துணிக்கும் கிளிப் மாட்டிவிட்டுத்தான் பதில் சொன்னார். "வரேன். ஆனா இனிமே நான் அளக்கறேன், நீங்க எழுதுங்க."

போன வாரம் இப்படி யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

"சரி மச்சான்" என்றேன்.