அவுலிஸின் லேப்டாப்பில் வெள்ளிக்கிழமை ஆறு மணி

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்ற பொய். அதைச் சொன்னது நான் இல்லை. நான் கதை எழுதுகிறேன், அதையும் கம்ப்யூட்டரில் எழுதுகிறேன் என்பது எங்கள் ஆறுமாடிக் கட்டடத்துக்குத் தெரியும். சமைக்கத் தெரிந்தவளுக்கு அடுப்பைப் பழுது பார்க்கவும் தெரியும் என்று ஃபின்லாந்தின் கோட்கா நகரத்து மக்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

முதல் தொடக்கம்: "துறைமுகத்தில் கடல் உறையத் தொடங்கிய அந்த மாலையில், ஓய்வுபெற்ற கப்பல் வழிகாட்டி அவுலிஸின் நெஞ்சுக்குள்—"

வேண்டாம். அவர் நெஞ்சுக்குள் என்ன இருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்தவள்போல் ஆரம்பித்தால் மோசடி.

இரண்டாவது தொடக்கம்: எதிர்வீட்டு அவுலிஸ், எழுபத்து நான்கு வயது, கம்பளிப் போர்வையில் எதையோ சுற்றிக் கைக்குழந்தைபோல் தூக்கிக்கொண்டு என் வாசலில் நின்றார்.

"அங்கா, இதை வாயை மூட வை," என்றார்.

இது நடந்தது. இப்படியே இருக்கட்டும்.

(என் பெயர் அங்கயற்கண்ணி. இருபத்திரண்டு வருடமாக இங்கே அங்கா. ஃபின்னிஷ் மொழியில் அது ஏறக்குறைய வாத்து. பழகிவிட்டது.)

2.

போர்வைக்குள் பதினோரு வருடப் பழைய லேப்டாப். திறந்ததும் திரையின் நடுவில் ஒரு பெட்டி: இந்த இயங்குதளத்துக்கான பாதுகாப்பு முடியப்போகிறது, புதியதற்கு மாறுங்கள். கீழே இரண்டு பொத்தான்கள். 'இப்போதே.' 'நாளை நினைவூட்டு.'

"எத்தனை நாளா 'நாளை' அமுக்கறீங்க?"

"போன வருஷம் பூரா."

(ஃபின்னிஷில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். என் தமிழ்க் கை அவரை 'நீங்க' என்றுதான் எழுதும். மாற்றிப் பார்த்தேன், விரல் கூசியது.)

"அப்டேட் பண்ணிட்டா போச்சு. வாயை மூடிக்கும்."

"பண்ணாம மூடணும். ஓடுற மெஷினை எதுக்கு நோண்டணும்?"

அவர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் பொதுச் சவுனா, அதாவது நீராவிக் குளியலறை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒவ்வொரு வீட்டுக்கும் முறை. அந்த முறைப்பட்டியல் அவுலிஸின் லேப்டாப்பில், குடியிருப்போர் சங்கத்தின் முன்னாள் செயலாளர் தானே எழுதிய ஒரு புரோகிராமில் இருக்கிறது. எழுதியவர் ஸ்பெயினுக்குப் போய் வெயிலில் காய்கிறார். புதிய இயங்குதளத்தில் அது ஓடாது என்று அவரே அஞ்சலட்டை போட்டுவிட்டார்.

உங்கள் கேள்வி கேட்கிறது: பட்டியலைக் காகிதத்தில் எழுதி வைத்தால் என்ன? நானும் கேட்டேன். சங்க விதி விடாது. பட்டியல் எந்தக் காரணத்தால் புதிதாகப் போடப்பட்டாலும் சீட்டுக் குலுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்காக ஏழு வீடுகள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கின்றன.

அவுலிஸின் முறை வெள்ளி மாலை ஆறு.

"செவ்வாய்க்கிழமை வந்தா என்ன? அன்னிக்கும் சுடத்தானே செய்யும்?"

"செவ்வாய்க்கிழமைச் சூடு வேற."

காபியை முடித்தார், போர்வையைச் சுற்றினார், போனார்.

3.

இந்த இடத்தில் அவுலிஸை ஒரு பிடிவாதக் கிழவராக எழுதி நாலு பக்கம் சிரிக்க வைத்தேன். ஐந்தாவது பக்கத்தில் ரைலி வந்து கெடுத்தாள்.

ரைலி ஐந்தாம் மாடி. உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, எல்லோருடைய பெயரும் போன் நம்பரும் இருக்கும் மெஷினைப் பாதுகாப்பில்லாமல் வைத்திருக்கலாமா என்று கேட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் அப்டேட் செய்வதென்று முடிவானது. செய்யவேண்டியவள், வேறு யார், வாத்து.

கூட்டம் கலைந்தபோது அவுலிஸ் நாற்காலியை விட்டு எழவில்லை.

"அவளேதான் கேட்டா," என்றார் என்னிடம்.

"அதனால என்ன?"

"அவ முறை ஏழு மணி."

எனக்கு விளங்க நேரம் பிடித்தது. ஆறு மணிக்காரர் குளித்து வெளியே வருவார். ஏழு மணிக்காரி கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடுவாள். சவுனா வாசலுக்கு வெளியே நடையில் ஒரு மர பெஞ்சு. அதில் இருவரும் எட்டு நிமிடம். ஒன்பது வருடமாக.

"என்ன பேசுவீங்க?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு சொல்லுவேன்."

"அவங்க?"

"'ஆமாம்'னு சொல்லுவா."

4.

இனி வருவதை எந்தப் பத்திரிகை ஆசிரியரும் நம்பமாட்டார். நான் இட்டுக்கட்டியதாகச் சொல்வீர்கள். போகட்டும்.

மறுநாள் ரைலி நான் வேலை செய்யும் நூலகத்துக்கு வந்தாள். புத்தகம் எடுக்கவில்லை.

"அந்தப் புரோகிராம் நிச்சயமா போயிடும்ல?"

"போயிடும்."

"நல்லது."

"ரைலி, உங்களுக்கு அவர் மேல என்ன கோபம்?"

"கோபமா? ஒன்பது வருஷமா அந்த பெஞ்சுல உக்காந்து காத்தைப் பத்திக் கேட்டுட்டிருக்கேன். பெஞ்சு இருக்கிற வரைக்கும் அந்த மனுஷனுக்கு அது போதும். பெஞ்சைப் பிடுங்கினாத்தான் மாடியேறி வருவாரு."

"வரலைன்னா?"

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். ஒரு விரல் வேறு விரலின் பையில் போய்விட்டது. கழற்றி மறுபடி மாட்டினாள்.

"வரலைன்னா ஒன்பது வருஷத்தோட போச்சு. பத்தாவது வேணாம். அவர்கிட்ட சொன்னே, உன்னைத் தொலைச்சுடுவேன்."

ஆக, இரண்டு ரகசியமும் என்னிடம். ஒருத்தருக்கும் சொல்லமுடியாமல்—

[இங்கே நட்பு, மௌனம் பற்றி அரைப்பக்கக் கட்டுரை இருந்தது. நீக்கிவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.]

5.

வெள்ளிக்கிழமை மாலை, ஐந்து மணி. என் சமையலறை மேசை. லேப்டாப்புக்கு முன்னால் அவுலிஸ், தோளில் துண்டு. கடைசி முறைக்கு ஆயத்தமாகவே வந்திருந்தார்.

நான் கைவசம் வைத்திருந்த முடிவுகளைச் சொல்கிறேன். ஒன்று, அப்டேட்டுக்குப் பிறகும் புரோகிராம் ஓடுகிறது, எல்லாம் பழையபடி. இது சோம்பேறியின் முடிவு, ரைலி என்னைத் தொலைத்துவிடுவாள். இன்னொன்று, குலுக்கலில் சீட்டைத் திருடி இருவருக்கும் அடுத்தடுத்த முறை கொடுக்கிறேன். சினிமா. தவிர, மறுபடியும் பெஞ்சு.

"நீ அமுக்கு," என்றார்.

"மெஷின் உங்களோடது."

"கூட்டத்துல உன்கிட்டதானே சொன்னாங்க."

"சரி. ஒண்ணு மட்டும் கேக்கறேன். ரைலி வீட்டு மணியை எப்பவாவது அடிச்சிருக்கீங்களா?"

"எதுக்கு? அவ வீட்ல தீப்பிடிக்கலையே."

பொட்டில் அடித்ததுபோல் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறார் என நினைத்தேன். காபி ஆறிப்போனது.

"அடிச்சா என்ன சொல்றது?" என்று கேட்டார்.

இந்த வரியை நான் எழுதவில்லை, அவர் சொன்னார். ரைலி சொல்லாதே என்றிருந்ததால் நான் வாயே திறக்கவில்லை. என் எழுத்து வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான வேலை அதுதான்.

அவுலிஸ் தடித்த ஆள்காட்டி விரலால் 'இப்போதே' என்பதை அமுக்கினார். கப்பலைக் கரையில் சேர்ப்பவர்போல், மெதுவாக.

திரை கறுத்தது. நான்கு சதவீதம். பதினொன்று. 'சற்று நேரமாகலாம்' என்றது மெஷின். நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அறுபத்து மூன்றில் நின்றது, நகரவே இல்லை. ஆறாகப் பத்து நிமிடம் இருந்தபோது எழுந்தார்.

"அதுபாட்டுக்கு ஓடட்டும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

லிஃப்ட் வந்து நின்ற சத்தம் கேட்டது. கதவு மூடிய சத்தம். அப்போதுதான் கவனித்தேன், துண்டு நாற்காலியில் கிடந்தது. மறதியாகவும் இருக்கலாம். எழுபத்து நான்கு வயது.

சவுனா கீழே. ரைலி மேலே. என் கதவின் துவாரம் வழியாகப் பார்த்தால் லிஃப்டுக்கு மேல் அம்புக்குறி தெரியும். நான் எழுந்தேன், பாதி தூரம் போனேன், திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். அவர்களைப் பற்றி இவ்வளவு எழுதியவளுக்கு அதையும் பார்க்க உரிமை இல்லை என்று பட்டது.

உங்களுக்கு அந்தக் கூச்சம் தேவையில்லை. சீக்கிரம் போங்கள், லிஃப்ட் கிளம்பிவிட்டது. துவாரம் கொஞ்சம் உயரத்தில் இருக்கும், குதிகாலைத் தூக்க வேண்டும்.