லெய்தாவுக்கும் யூலோவுக்கும் நடுவே ஓர் ஆள் இடம்

1.

இந்தக் கதை ஒரு காலி இடத்தில் பிறந்தது. எண்பத்தொன்பது ஆகஸ்டில் தாலினிலிருந்து வில்னியுஸ் வரை மூன்று நாட்டு ஜனங்கள் சோவியத் ஆட்சியிடம் சுதந்திரம் கேட்டுக் கைகோத்து நின்றோமே, அன்று எங்கள் ராப்லா சாலையில் இருவருக்கு நடுவே ஓர் ஆள் நிற்குமளவு இடம் காலியாகக் கிடந்தது. (எங்கள் ஆட்கள் பஸ் நிறுத்தத்திலேயே எட்டி எட்டித்தான் நிற்பார்கள். அதனால் முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை.)

முதல் தொடக்கம் இது: “எழுநூறு வருஷம் அந்நியப் பிரபுக்களின் நிலத்தில் உழைத்த எஸ்தோனிய இனம்

அடித்துவிட்டேன். பாடப் புத்தக வாடை தாங்கவில்லை.

2.

லெய்தா பால் பண்ணையில் வேலை செய்பவள். நாற்பத்தொன்பது மார்ச்சில் சோவியத்காரர்கள் அவள் அம்மாவைச் சைபீரிய ரயிலில் ஏற்றியபோது அவள் தார்த்து நகரில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்த ஒரே கனத்த கோட்டையும் லெய்தாதான் போட்டுக்கொண்டு போயிருந்தாள். ஸ்டேஷன் வரை அம்மாவைக் குதிரை வண்டியில் கொண்டுபோனவன் பக்கத்துப் பண்ணை யூலோ. துப்பாக்கியோடு வந்து ஓட்டச் சொன்னார்கள், ஓட்டினான். அம்மா திரும்பவே இல்லை.

அன்று அம்மா குளிரில் விறைத்துக்கொண்டு போனாளா? லெய்தாவுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். தெரிந்தவன் யூலோ. நாற்பது வருஷமாக அவனோடு அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். அவனோ கேட்காமல் வாய் திறக்கிற ஜாதியில்லை.

(ஒரு பிரதியில் யூலோவைக் காட்டிக்கொடுத்தவனாக்கினேன், இன்னொன்றில் தியாகியாக்கினேன். இரண்டும் எனக்கு வசதி, அவனுக்கு அநியாயம்.)

3.

பஸ் டிரைவர் ஹில்லர் காதில் டிரான்சிஸ்டரோடு கத்தினான்.

“அங்க என்ன அவ்ளோ பெரிய ஓட்டை? டாங்கியே நுழைஞ்சிடும் போலிருக்கு. ஒட்டி நில்லுங்கப்பா.”

“ஆள் வரும்,” என்றாள் லெய்தா.

“ஒருத்தரும் வரல. ஏழு மணி ஆகப்போகுது. நம்ம ஊர்ல சங்கிலி அறுந்துச்சுன்னா வெளிய தலை காட்ட முடியாது.”

யூலோ ஓர் அடி நகர்ந்து வந்தான். லெய்தா கையை நீட்டி

(இந்த வாக்கியத்தோடு மல்லுக்கட்டினேன். நாட்டுக்காக நீட்டினாள் என்றால் பொய். மன்னித்து நீட்டினாள் என்றால் அதைவிடப் பெரிய பொய். ஹில்லரின் வாய்க்குப் பயந்துதான் நீட்டினாள்.)

அவன் கை சொரசொரவென்று இருந்தது. ரேடியோவில் மணி அடித்தது. எதிர்ப்பக்கத்துக் கோதுமை வயலைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள்.

“அன்னிக்கு எங்கம்மாவுக்குக் குளிருச்சா?”

“இல்ல. என் ஆட்டுத்தோல் கோட்டை மாட்டிவிட்டேன். அதோடதான் ரயில் ஏறினாங்க.”

“ஏன்டா இத்தனை வருஷமா சொல்லல?”

“நீ கேக்கலியே.”

4.

சைபீரியா வரும் கதைகளை நிறைய எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியது இதற்குத்தான்.

யூலோ சொன்னது உண்மையா? கோட்டு கொடுத்திருக்கலாம். இல்லை, என்றாவது கேட்பாள் என்று இந்தப் பதிலை நாற்பது வருஷமாகத் தயாராக வைத்திருக்கலாம். அவனைப் படைத்த எனக்கே தெரியாது, தோண்டப் போவதுமில்லை.

“முடிஞ்சுது, கையை விடலாம்,” என்றான் ஹில்லர்.

“தெரியும், நீ போய் பஸ்ஸைக் கிளப்பு,” என்றாள் லெய்தா.

விட்டாளா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கோட்டை மட்டும் அம்மாவின் தோளிலிருந்து கழற்றிவிடாதீர்கள்.