காயாத அட்டை நாற்காலி

என் தம்பி எவரிஸ்தோவுக்கு ஆறு வயது. உட்காரவைத்தால், பிடிக்க ஆள் இல்லாவிட்டால் பக்கவாட்டில் சரிந்துவிடுவான். ஆறாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டதே அவனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளத்தான். அவன் தானாக உட்கார்ந்தால் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாக டீச்சர் ஒபேலியா சொல்லியிருந்தார். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மறுவாழ்வு மையத்தில் அம்மா நான்கு நாள் தங்கி, அட்டையில் அவனைத் தாங்கும் நாற்காலி செய்யக் கற்று வந்தாள்.

அட்டை கிடைத்த இடம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. தோன் ரோசெந்தோவின் மதுக்கடை. அப்பா குடித்து விழுந்து செத்தது அந்தக் கடை வாசலில்.

பீர் பெட்டிகளைக் கிழித்து, மைதாப் பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேலே ஆற்றுக்கற்களை ஏற்றினோம். பிறகு அம்மா அதைத் தம்பியின் இடுப்பளவுக்கு அறுத்து, முதுகுச் சாய்வும், கை வைத்துக்கொள்ள முன்பலகையும் பொருத்தினாள். அப்பாவின் பெல்ட் மார்பு வார் ஆனது. வெளியெல்லாம் சிவப்பு பீர் எழுத்துகள்.

“என்ன தோன்யா காசிமிரா, புருஷன் போயும் வீட்டுல பீர் பெட்டி தீரலையா?” தெருவில் போன ஒருவர் அம்மாவைக் கேட்டார்.

“அந்த மனுஷன் குடிச்சதுல இதாவது மிஞ்சட்டும்!” என்று அம்மா சிரித்தாள். நான் உள்ளே ஓடிவிட்டேன்.

ஆகஸ்ட் மாதம், தினமும் மழை. வெயில் வந்தால் ஒரு மணி நேரம்.

“கன்னத்தை வச்சுப் பாரு நெரெய்தா. ஜில்லுனு இருந்தா உள்ள ஈரம் இருக்கு. அதுமேல பெயிண்ட் அடிச்சா ஈரம் வெளிய போக வழியில்லாம அட்டை உள்ளயே அழுகிடும்,” என்றாள் அம்மா.

திங்களன்று தம்பி பள்ளிக்குப் போக வேண்டும். கன்னத்தை வைத்தேன். தண்ணீர்ப் பானைபோலக் குளிர்ந்தது. அந்த எழுத்துகளோடு அதைத் தெருவில் தூக்கிப் போவதை நினைத்தேன்.

“காஞ்சிடுச்சும்மா.”

இரண்டு பூச்சு நீலம் அடித்தேன். எழுத்துகள் மறைந்தன.

வகுப்பில் மூன்று நாள் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். முன்பலகையில் இரு கைகளாலும் தட்டி எல்லோரையும் கூப்பிட்டான். நான்காம் நாள் இருக்கை நடுவில் குழைந்து உள்வாங்கியது. பெல்ட்டில் தொங்கினான். புளித்த பசையின் நாற்றம் வகுப்பெங்கும்.

“ஐயே, எவரிஸ்தோ ஊசிப்போயிட்டான்!” என்று ஒரு பிள்ளை கத்த, மற்றவை சிரித்தன. தம்பியும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான்.

“பசையை நான்தான் தண்ணியா கரைச்சுட்டேன் டீச்சர்,” என்றாள் அம்மா.

“கெட்டியா ஒண்ணு செஞ்சு கொண்டு வாங்க. அதுவரைக்கும் கூட்டிட்டு வராதீங்க. விழுந்தா நான் என்ன பண்ணுவேன்?”

நான் வாசலில் நின்று தரையைப் பார்த்தேன். அவனை மறுபடி மடியில் வாங்கிக்கொண்டேன்.

அம்மா மறுபடி ரோசெந்தோவிடம் போனாள். கைவலிக்கப் பசை காய்ச்சினாள். “இந்தத் தடவை சரியா கிண்டிட்டேன்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒன்பதாம் நாள் கூப்பிட்டாள்.

“கன்னத்தை வச்சுப் பாரு. காஞ்சிடுச்சா?”

வைத்தேன்.

“இல்லம்மா.” பிறகு சொன்னேன்: “போன தடவையும் ஜில்லுனுதான் இருந்துச்சு. பசை மேல தப்பில்ல.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை.

“எழுத்துக்காகவா?”

ஆமாம் என்று தலையசைத்தேன்.

“அதைப் புரட்டி வெயில்ல வை,” என்றாள். எழுத்துகள் தெருவைப் பார்க்க, அதைத் தூக்கி வெயிலில் வைத்தேன்.